மணல்மேட்டில் நின்ற பைக்

வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடியின் வாசல் படலையில் வந்து சொல்லும் ஸலாத்தை இன்று காகிதத்தில் சொல்கிறேன், அன்பிலும் எடையிலும் குறைவில்லாத என் ஜமால் மச்சானே! அங்கே வந்தால் இரண்டு பக்கமும் ஆட்கள். மனம்விட்டுக் கதைக்க முடியவில்லை. மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு கீழே வைத்த பேனையை அதனால்தான் திரும்ப எடுத்திருக்கிறேன். பிழை இருந்தால் வழக்கம்போல் சிரியுங்கள்.

இதை மற்றவர்களும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். ஊர் முழுக்கப் பிழையாகக் கேட்ட கதையை ஊர் முழுக்கக் கேட்கத்தான் திருத்த வேண்டும்.

முதலில் ஒரு செய்தி. உங்கள் பைக் இப்போது என்னிடம் இருக்கிறது. கோபப்பட வேண்டாம். "ஒருத்தனுக்கும் குடுக்க மாட்டேன்" என்று நீங்கள் சொன்னது முக்கியமாக என்னைப் பார்த்துத்தான் என்று தெரியும். துருப்பிடிக்க விட மனம் கேட்கவில்லை. முதல் நாள் ஸ்டார்ட் பண்ண உதைத்தேன். அது திருப்பி உதைத்தது. நான் நொண்டிக்கொண்டு தேத்தண்ணிக்கடைக்குப் போனேன். "பைக்குக்கு ஆளத் தெரிஞ்சிருக்கு" என்றார்கள்.

நினைவிருக்கிறதா, நீங்கள் அதைக் கொண்டுவந்த நாள்? யுத்த காலம் முழுக்க ஒரு தென்னந்தோட்டக் கொட்டிலில் கிடந்த பைக். அதன் சத்தத்துக்குச் சென்ரியில் காவல் நிற்பவன் துவக்கைத் தூக்கிவிடுவான் என்று சொந்தக்காரன் வெளியே எடுக்கவே இல்லையாம். யுத்தம் முடிந்து கடற்கரைப் பாதைகள் திறந்த பிறகு நீங்கள் அதை லேன்ட்மாஸ்டர் ட்ரக்டரில் ஏற்றி நுரைச்சோலைக்குக் கொண்டுவந்து இறக்கினீர்கள். நான் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மச்சான், மிச்சத்த எப்ப தருவாங்களாம்?" என்று கேட்டேன். ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை நீங்கள்.

பிறகு வெங்காயம் ஏற்றிப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஏதாவது ஒரு சாமானோடு வருவீர்கள். பின்சில்லுக்குப் பெரிய பல்லுச்சக்கரம், மணலைக் கவ்வும் முரட்டு டயர், புது ஷொக், வயிறு புடைத்த சைலன்சர். அந்தச் சைலன்சரை அணைத்துக்கொண்டு நீங்கள் நின்றபோது எது சைலன்சர், எது மச்சான் என்று எனக்குக் குழம்பியது. கடைசியில் ஒயில் பம்பையும் கழற்றி எறிந்தீர்கள். "இது ஒரு நாளைக்கு மணலுக்க வச்சு ஏமாத்தும். இனி ஒயிலக் கையாலதான் கலக்கிற" என்றீர்கள். அன்றிலிருந்து ஒயில் கலந்த பெற்றோல் ஒரு கேனில் கிணற்றடியில் இருக்கும். அதற்குப் பக்கத்தில், வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெஷினுக்கு மண்ணெண்ணெய், அதுதான் நம் லாம்பெண்ணெய், இன்னொரு கேனில். இரண்டும் ஒரே நீலம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மணல்மேட்டுப் பக்கம் போனீர்கள். மதியம் லுஹருக்குப் பாங்கு சொல்லும் நேரம் உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், மூச்சில்லாமல். நெஞ்சுதான் என்றார் டொக்டர். கரைவலை இழுக்கிற வின்சன் அண்ணன்தான் உங்களைக் கண்டு, தேத்தண்ணிக்கடைக்கு ஓடிவந்து ஆட்களைக் கூட்டிப் போனவர். பின்னேரம் அவரே பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து கடை வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஊருக்கு அது போதும். "பைக் மணலில நின்டு போச்சாம். வெயிலுக்குள்ள தள்ளித் தள்ளி நெஞ்சு வெடிச்சுப் போச்சாம்." மணலில் டயர்த் தடமும் பக்கத்தில் கால் தடமும் கண்டதாகச் சாட்சி சொல்லவும் ஆட்கள் வந்தார்கள்.

என்னை உங்களுக்குத் தெரியும். பேக்கரியில் பாண் வாங்கினாலும் தட்டிப் பார்த்து வாங்குகிறவன். நாம் இரண்டு பேரும் பார்த்துப் பார்த்துக் கட்டின பைக் ஏன் நின்றது? யாரோ ஏதோ செய்திருக்கிறான் என்று என் மனம் அரிக்கத் தொடங்கியது.

முதல் சந்தேகம் மதுரங்குளிப் பாஸ் மேல். கடைசியாகப் பைக்கில் கை வைத்த மெக்கானிக் அவர்தானே. பைக்கை ஏற்றிக்கொண்டு போய் அவர் கராஜில் இறக்கினேன்.

"பாஸ், உண்மையச் சொல்லுங்க. கார்பரேட்டருக்கு என்ன செஞ்சீங்க?"

"கழுவினேன்."

"கழுவினா பைக் நிக்குமா?"

"கழுவாட்டித்தான் நிக்கும். நீங்க யாரு, பொலிஸா?"

"மச்சான்."

"அது பொலிஸ விட மோசம்" என்று சொல்லிவிட்டு எஞ்சினைக் கழற்றினார். டாங்கியில் இருந்ததை ஒரு தட்டில் வடித்து அதிலேயே சாமான்களைக் கழுவினார். பிஸ்டனில் ஒரு கீறல் இல்லை. "இது சும்மா நிக்கிற எஞ்சின் இல்ல தம்பி" என்றார். எனக்கு அவர் அவ்வளவு துப்பரவாகக் கழுவியதே சந்தேகமாக இருந்தது.

அடுத்தது வின்சன் அண்ணன். உங்களைக் கண்டெடுத்த மனிதர், வீட்டுப் பக்கம் தலை காட்டவில்லை. உங்களுக்காக ஓதிய கத்தத்துக்குச் சொல்லி அனுப்பினோம், வரவில்லை. என்னைச் சந்தையில் கண்டால் கருவாட்டுக் கடைக்குப் பின்னால் ஒளிகிறார். ஒரு நாள் பஸ் தரிப்பில் நேருக்கு நேர் வந்துவிட்டேன். மனிதர் வந்த பஸ்ஸில் பாய்ந்து ஏறினார். அது அவர் வீட்டுக்கு எதிர்த் திசையில் போகிற பஸ்! போதாததற்கு, அவர் கொண்டுவந்து விட்ட அன்று பைக்கின் டாங்கியிலிருந்து எஞ்சினுக்கு விடும் பெற்றோல் டெப் மூடியிருந்தது. டாங்கியில் பெற்றோல் களவெடுத்தவன்தான் மூடியிருப்பான் என்று முடிவு கட்டினேன். உங்கள் சட்டைப் பையையும் அவர் பார்த்திருப்பாரோ என்று நினைத்தேன். எவ்வளவு கேவலமாக நினைத்திருக்கிறேன் பாருங்கள்.

மூன்றாவது சந்தேகத்தைச் சொல்ல எனக்கே கூச்சம். என் கூடப்பிறந்த ராத்தா, உங்கள் ராவியா.

புருசனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில் இருக்கிறாள், வெளியே வருவதில்லை, கவலை என்று நினைத்தோம். ஆனால் வைத்த சோறு வைத்தபடி இருந்தது. நான் போனால் உங்களைப் பற்றிக் கேட்கமாட்டாள், பைக்கைப் பற்றித்தான் கேட்பாள். "டாங்கியில என்ன இருந்திச்சு தம்பி? யாரும் மூக்க வச்சு மணந்து பாத்தாங்களா?" பைக்கைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிற ராத்தாவுக்கு டாங்கி எதற்கு? ஒரு நாள் நான் விடவில்லை.

"ராத்தா, எதையோ ஒளிக்கிறீங்க."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அன்டைக்கு அவர் தலையில துணியக் கட்டிக்கொண்டு, ராவியா, டாங்கிய நிரப்பு என்டார். அடுப்பில கறி. கிணத்தடியில கையில பட்ட கேன எடுத்து ஊத்திட்டேன். எந்தக் கேன் என்டு தெரியா தம்பி. லாம்பெண்ணெய ஊத்தித்தான் அது மணலில நின்டிருக்கு. அந்த மனுசன நான்தான் கொன்டுட்டேன்."

என் வாயில் ஒரு பகிடியும் வரவில்லை, மச்சான். எனக்கே என் வாய் புதிதாக இருந்தது.

கிணற்றடிக்கு ஓடினேன். இரண்டு கேனும் அதற்குப் பிறகு எத்தனையோ கை பட்டுவிட்டன. பாஸுக்கு அழைத்தேன். "அன்டைக்குக் கழுவினது பெற்றோலா, லாம்பெண்ணெயா?" "கிறீஸ் போச்சு. அதுதான் தெரியும். இந்தக் கராஜில என்ட மூக்கு செத்து எப்பவோ மௌத்து" என்றார். யோசித்துப் பார்த்தால் ராத்தா சொல்வது பொருந்தியும் வந்தது. கார்பரேட்டரில் மிஞ்சிய நல்ல பெற்றோலில் கிளம்பி, லாம்பெண்ணெய் இறங்கியதும் நின்றிருக்கும். அப்படித்தான் என்றால் அவளுக்கு நான் என்ன சொல்வது? இல்லை என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அவர் என்னைக் கண்டால் பஸ் ஏறுகிறார்.

மணலில் பஸ் வராது அல்லவா? உங்கள் பைக்கை எடுத்தேன்.

மச்சான், அதை எப்படித்தான் ஓட்டினீர்களோ! முறுக்கினால் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, பிறகு எல்லாம் ஒரே தடவையில் வருகிறது. பயந்து கையை விட்டால் முன்சில்லு மணலில் புதைகிறது. ஒரு தாழம்புதருக்குள் போய் எழும்பினேன். நீங்கள் கத்துவது காதில் கேட்டது: எழும்பி நில்லு, பின்னால சாய், கைய விடாத. எழும்பி நின்றேன். மேட்டின் மேலே ஏறும்போது ஒரு பக்கம் நிலக்கரி மின் ஆலையின் புகைக்குழாய், மறு பக்கம் கடல். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களைப் பிடித்து வைக்க முடியாததற்குக் காரணம் அங்கே விளங்கியது.

கீழே வின்சன் அண்ணன் வலை காய வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கடலுக்குள் ஓடினார். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு கையையும் ஆட்டினார்.

"கதைக்காத தம்பி! கதைச்சால் உனக்குத்தான் பாவம்!"

"என்ன பாவம்?"

"உங்கட வீட்டில இத்தா எல்லோ! நாலு மாசம் பத்து நாளைக்கு வெளி ஆம்பிளையளோட கதைக்கப்படாதாமே! கடையில சொன்னவங்கள்!"

"அது ராத்தாவுக்கு அண்ணே! எனக்கில்ல!"

ஒரு அலை அவர் முகத்தில் அடித்தது. துடைத்துக்கொண்டு, "உனக்கில்லையா?" என்றார்.

"என்னைப் பாத்தா விதவை மாதிரியா இருக்கு?"

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "கடவுளே, எத்தினை தரம் பிழையான பஸ்ஸில ஏறியிருக்கிறன்" என்று சொல்லிக்கொண்டு கரைக்கு வந்தார். எங்கள் மார்க்கத்தைப் பேணப் போய் அந்த மனிதர் என்னிடமிருந்து மாதக்கணக்காக ஓடியிருக்கிறார். நான் அவரைக் கள்ளன் என்று நினைத்தேன்.

"அண்ணே, பைக் எந்த இடத்தில நின்டது?"

"அந்தா, மேட்டில. முந்திரி மரத்துக்குப் பக்கத்தில. அதைத்தானே கடையிலயும் சொன்னன்: பைக்கு மேட்டில நின்டது, ஆள் விழுந்து கிடக்கு, ஓடி வாங்கோ என்டு."

"எஞ்சின் நின்டதா?"

"எஞ்சினா? பைக்கு நின்டது தம்பி. ஸ்டாண்டில. மாடு நிக்கிற மாதிரி."

மச்சான், நான் மணலில் குந்திவிட்டேன்.

அவர் கண்ணால் கண்டதைச் சொன்னார். நீங்கள் பெருஞ்சத்தத்தோடு மேட்டில் ஏறி வந்தீர்களாம். நீங்களாகவே நிறுத்தினீர்களாம். டாங்கிக்குக் கீழே குனிந்து எதையோ திருகினீர்களாம். அது பெற்றோல் டெப் என்று கூட அவருக்குத் தெரியாது. ஸ்டாண்ட் மணலில் புதையாமல் ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தேடி எடுத்துக் கீழே வைத்தீர்களாம். "இன்டைக்கு நல்லா இழுக்குது அண்ணே" என்று சொல்லிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டீர்களாம். அவர் தோணிக்குப் போய்ப் போத்தலோடு வருவதற்குள் சாய்ந்துவிட்டீர்கள். மணலில் தள்ளிய தடம் அவருடையது. பைக் ஓட்டத் தெரியாது, விட்டுவிட்டு வந்தால் யாராவது கொண்டுபோய்விடுவார்கள் என்று, அவ்வளவு தூரமும் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்.

மாடு நிற்பதற்கும் மெஷின் நிற்பதற்கும் ஒரே சொல்லை வைத்த புண்ணியவான் யார் மச்சான்?

வந்த வேகத்தில் ராத்தாவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"நீ எனக்காக இட்டுக்கட்டுற."

"வல்லாஹி ராத்தா! டெப் கூட மூடித்தான் இருந்திச்சு. நின்டு போன பைக்குக்கு யாராவது டெப்ப மூடுவாங்களா? திரும்பத் திரும்ப உதைப்பாங்க."

"நீயே மூடியிருப்பாய். பிறந்த நாளிலிருந்து நீ சொன்னதில பாதி பொய்."

ஊரையெல்லாம் சிரிக்க வைத்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி. ஒரே ஒரு தடவை உண்மை சொல்ல வந்தபோது நம்ப ஆளில்லை. சந்தேகம் எங்கள் குடும்பத்து ரத்தத்திலேயே ஓடுகிறதோ?

அடுத்த நாள் வின்சன் அண்ணன் வந்தார். கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. வீட்டுப் பக்கம் பார்ப்பதும் பாவமாக இருக்குமோ என்று ரோட்டில் முதுகைக் காட்டி நின்றார். எதிர் வீட்டு மாமரத்தைப் பார்த்துக் கடலில் கூப்பிடும் குரலில் கத்தினார்:

"தங்கச்சி! பைக்கு நிக்கேல்ல! அவர்தான் நிப்பாட்டினவர்! நான் கண்டனான்! இன்டைக்கு நல்லா இழுக்குது என்டு சொல்லிப் போட்டுத்தான் மரத்தடியில குந்தினவர்! பெற்றோலில ஒரு பிழையும் இல்ல தங்கச்சி!"

எதிர் வீட்டார் மாமரத்தில் யார் என்று பார்க்க வெளியே வந்தார்கள். நாய்கள் குரைத்தன. பிறகு எங்கள் வீட்டுக்குள் இருந்து ராத்தாவின் குரல் வந்தது.

"தம்பி, அவர வெயில்ல வச்சிருக்காத. தேத்தண்ணி குடு."

அன்று பகல் அவள் தானாகச் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டாள். நான் சமையலறைக்குப் போய் அழுதேன். வெங்காயம் என்று சொல்லிக்கொண்டேன். வெங்காயக்காரர் வீட்டில் அதுவாவது நம்பக்கூடியதுதானே.

ஆனால் மச்சான், உங்கள் மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. மேட்டில் ஏறினால் மறு பக்கம் இறங்கித் திரும்பி வருவதுதான் உங்கள் பழக்கம். அன்றைக்கு ஏன் மேலேயே நிறுத்தினீர்கள்? ஏன் தண்ணீர் கேட்டீர்கள்? அதற்கு முன்னும் நெஞ்சு நொந்ததா? பைக்கில் ஒரு சின்னக் கிறீச் சத்தம் கேட்டாலும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவீர்களே, இதை ஏன் காட்டவில்லை?

சரி, அதற்கு நீங்கள் பதில் சொல்லப் போவதில்லை. இத்தா முடிந்துவிட்டது. ராத்தா கிணற்றடிக்கு வருகிறாள். இரண்டு கேனையும் தொடாமல் சுற்றிக்கொண்டுதான் போவாள். மனதுக்கு உண்மை தெரிந்துவிட்டது, கைக்கு இன்னும் பயம் போகவில்லை போல. போன ஞாயிற்றுக்கிழமை நான் பைக்கை முற்றத்தில் வைத்துவிட்டுக் கூப்பிட்டேன்.

"ராத்தா, டாங்கிய நிரப்புங்க."

"நீயே ஊத்து."

"என்ட கையெல்லாம் கிறீஸ்." உண்மையில் அப்போதுதான் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருந்தேன்.

அவள் ஒரு கேனைத் தூக்கினாள், வைத்தாள். மற்றதைத் தூக்கி மூடியைத் திறந்து நெடுநேரம் மணந்தாள். பிறகு ஊற்றினாள். டாங்கியின் மேலெல்லாம் சிந்தியது. முந்தானையால் துடைத்துவிட்டு, "சரிதானா பாரு" என்றாள். நான் பார்க்கவில்லை. ஏறி உதைத்தேன். மணல்மேடு வரைக்கும் போய், மறு பக்கம் இறங்கி, திரும்பி வந்தேன். நான் முற்றத்துக்குள் வரும்வரை அவள் படலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

மச்சான், பாணையும் பாஸையும் பக்கத்து வீட்டையும் நான் சந்தேகப்படுவேன், அது மாறாது. ஆனால் இந்தப் பைக் ஓடுகிற காலம் வரைக்கும் இதற்கு ராத்தாதான் ஊற்றுவாள். அவள் ஊற்றியதை நான் ஒருநாளும் மணந்து பார்க்கமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் ராவியாவின் தம்பி,
உங்களிடம் திட்டு வாங்கியே வளர்ந்த மச்சான்
நிஸார்