பாதியில் நின்ற பாட்டு

போர்ட் ஆஃப் ஸ்பெயின், டிரினிடாட்
12.3.1996

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜோஷுவாவின் ஸ்தோத்திரங்கள். கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? தங்கச்சி கெசியா ராத்திரி உங்கள் பக்கத்தில்தானே படுக்கிறாள்?

சனிக்கிழமை எங்கள் ஜாஸ் குழுவின் கச்சேரி நடந்தது. எண்ணெய் பீப்பாயின் அடியைக் குழித்துச் செய்யும் ஸ்டீல்பேனில், நானே அமைத்த பாட்டை முதல்முறையாக வாசித்தேன். அது அப்பாவுக்காக அமைத்தது. அடக்கத்துக்கு வர முடியாதவன் வேறென்ன செய்வேன்?

பாதிவரை நன்றாகத்தான் போயிற்று. திடீரென்று, நான் ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அப்பா சொன்னது காதில் கேட்டது. “ஏலே, பீப்பாயத் தட்டுததுக்கா இம்புட்டு தூரம் போற? பைய தட்டுலே, கை நொந்துரப் போவுது.”

கை நின்றுவிட்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். அதுதான் முடிவு என்று நினைத்து, ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். “இனிமேல் இப்படியே முடி” என்று குழுத்தலைவர் வின்ஸ்டன் தோளைத் தட்டினார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நீங்கள் கவலைப்படாதீர்கள்.

கல்லிடைக்குறிச்சி அப்பளம் ஒரு கட்டு அனுப்புங்கள், நொறுங்கினாலும் பரவாயில்லை. கல்லறைக்குக் கல் வைத்தாயிற்றென்றால் அதைப் போட்டோ எடுத்து அப்பளத்தோடு அனுப்புங்கள். பார்த்தால்தான் மனசு நம்பும்.

தபாலாபீஸ் மூடப்போகிறது. பழக்கதோஷத்தில் கவரின்மேல் அப்பா பெயரையே எழுதிவிட்டேன். கையில் வேறு கவர் இல்லை. தபால்காரரிடம் சொல்லி நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்,
ஜோஷுவா