ஆச்சரியக்குறி போட்ட ஒரு வரி

அண்ணே,

நம் நிதியின் கணக்கு நேற்று மாலை வங்கியோடு ஒத்துப்போனது. ஆதாரம், பாஸ்புக்கின் கடைசிப் பக்கம். கூட இருந்து பார்த்தவர் மதினி. முக்கியச் செய்தியைக் கீழே தள்ளினால் உங்களுக்குக் கோபம் வரும், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உங்கள் மடிக்கணினியில்தான் எழுதுகிறேன். அரைப்புள்ளி விசையில் சுண்ணாம்புக் கறை அப்படியே இருக்கிறது. சோழவந்தான் வெற்றிலையை மடித்த கையோடு தட்டச்சு செய்வீர்கள். நான் துடைக்கவில்லை.

பத்திரிகையிலிருந்து ஓய்வுபெற்ற நாம் இருபது பேர், அவசர வைத்தியத்துக்கென்று மாதாமாதம் போட்டுவந்த பணம் அது. அதன் கணக்கை நீங்கள் வெறும் எழுத்தாக, ஒரே கோப்பில் வைத்திருந்தீர்கள். தேதி, பெயர், எங்கிருந்து வந்தது, எங்கே போனது. கூட்டிப் பார்க்க மட்டும் தனியாக ஒரு கணினி நிரல். "எந்தக் கம்பெனி இழுத்து மூடுனாலும் எழுத்து எழுத்தாத்தான் இருக்கும் மாப்ள" என்பீர்கள்.

சமயநல்லூர் டீக்கடையில் ஒருநாள் நான் கேட்டேன், "அதை எதுலண்ணே எழுதுறது?"

"மொதல்ல நோட்பேடுல எழுது. கலர் கலரா வேணும்னா பெறகு பாத்துக்கலாம்."

உங்கள் மடிக்கணினியில் நீங்கள் எழுதும் கறுப்புத் திரை மென்பொருளைத் திறந்து பார்த்தேன். எந்த விசையை அழுத்தி வெளியேறுவது என்று தெரியாமல் விழித்தேன். "முப்பது வருசம் நியூசுக்காகப் போலீஸ் ஸ்டேசனுக்குப் போயிட்டு வந்தவன், இதுலருந்து வெளிய வரத் தெரியலையா?" என்று கடையே திரும்பிப் பார்க்கச் சிரித்தீர்கள்.

நீங்கள் போனபின் பொறுப்பு என்னிடம் வந்தது. அச்சு இயந்திரம் ஓட்டிய முருகேசனுக்குக் கண் அறுவை சிகிச்சை. "டாக்டர் தேதி கேக்குறாருண்ணே" என்று நான்கு முறை போன் செய்துவிட்டார். கணக்கு நேராகாமல் ஒரு ரூபாயும் வெளியே போகக்கூடாது என்பது நீங்கள் வைத்த விதி.

அந்த அவசரத்தில்தான் தவறு செய்தேன். செய்தி அடித்துப் பழகிய மென்பொருளில், நம் பத்திரிகையின் பழைய எழுத்துருவில், நீங்கள் விட்ட இடத்திலிருந்து மூன்று மாத வரவு செலவை அடித்துச் சேமித்தேன். மறுநாள் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகள் குப்பையாகக் கிடந்தன. அந்த எழுத்துரு, ஆங்கில எழுத்தின் மேல் போட்ட சட்டை. வெறும் எழுத்துக் கோப்பில் சட்டை நிற்காது. இத்தனை வருடம் அடித்தவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. பழைய கோப்பின் மேலேயே அதைச் சேமித்திருந்தால் நீங்கள் எழுதியதும் போயிருக்கும். நல்லவேளை, உங்கள் பிரதி தனியாக இருந்தது.

ஒரு வாரம் பிற்பகல்களில் எல்லாவற்றையும் திரும்ப அடித்தேன். களைப்பாக இருந்தது அண்ணே. கண்ணும் முதுகும் மட்டும் காரணமில்லை. மதினி ரசீதுகளை வாசித்தார். "இந்தத் தடவையாச்சும் ஒழுங்கா அடிங்க தம்பி. அவரு இருந்திருந்தா வெத்தலையோட சேத்து உங்களையும் மென்னு துப்பிருப்பாரு."

நோட்பேடும் இல்லாமல், கறுப்புத் திரையும் இல்லாமல், வண்ணம் காட்டும் எளிய மென்பொருள் ஒன்றைக் கடைசியில் பிடித்துக்கொண்டேன். அரைப்புள்ளிக்குப் பின் வரும் குறிப்புகளை அது சாம்பல் நிறத்தில் காட்டும். அப்போதுதான் உங்கள் குறிப்புகள் கண்ணில் பட்டன. 'பில் பார்த்தேன்.' 'மகள் போனில் சொன்னது, பில் பார்க்கவில்லை.' ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆதாரம் எழுதியிருக்கிறீர்கள்.

முருகேசனுக்கு இன்று காலை பணம் போய்விட்டது. திங்கட்கிழமை அறுவை சிகிச்சை.

முடிந்த வரிக்கு நட்சத்திரம், முடியாததற்கு ஆச்சரியக்குறி என்பது உங்கள் முறை. கோப்பு முழுவதிலும் ஆச்சரியக்குறி ஒன்றுதான் பாக்கி. உங்கள் பெயர், மருத்துவமனை முன்பணம். சேரப் போன அன்று காலை நீங்களே அடித்தது. கீழே சாம்பல் நிறத்தில்: 'மீதி வந்தால் வரவு வைக்க. மாப்ள பார்த்துக்கொள்வான்.'

இத்தனை நாள் இழுத்தடித்த இறுதி பில்லை வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தருவதாக மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் போகிறேன். அதுவரை அந்தக் குறியை மாற்ற முடியாது. அதற்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.