இரண்டு அடுப்பு, இரண்டு திருகு

அன்புள்ள நண்பனுக்கு,

இன்று காலை பக்கத்து வீட்டில் சோறு அடிப்பிடித்துவிட்டது. அந்த வாசனை ஜன்னல் வழியே வந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இந்த வாசனையைப் பற்றிப் பேச எனக்கு வேறு ஆள் இல்லை.

நாம் வேலை பார்த்த பள்ளியின் சமையலறையில் அன்றும் இதே வாசனைதான். சோற்று அடுப்பை அணைக்கப் போன சமையல்கார கன்னியம்மா, சாம்பார் அடுப்பை அணைத்துவிட்டார். அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை. பிள்ளைகளுக்கு அன்று பிஸ்கட்தான். கவனமில்லாதவரை நிறுத்திவிடலாம் என்று பள்ளிக் கமிட்டிக்கு ஆசிரியர்கள் கடிதம் எழுதினோம். முதல் கையெழுத்து என்னுடையது. கன்னியம்மா வீட்டில் அந்த ஒரு சம்பளம்தான் என்பது எனக்குத் தெரியும்.

நீ மட்டும் கையெழுத்துப் போடவில்லை. கமிட்டிக்காரர்களோடு என்னையும் சமையலறைக்கு இழுத்துப் போனாய். இரண்டு கேஸ் அடுப்பையும் பற்றவைத்துவிட்டு, "சோத்து அடுப்ப அணை பாக்கலாம்" என்றாய். திருகினேன். சாம்பார் அடுப்பு அணைந்தது.

"இன்னா வாத்தியாரே, உனக்கும் கவனமில்லையா? உன்னையும் நிறுத்திடலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இருவர் எனக்குப் பின் அதே தவறைச் செய்தார்கள். வலப்பக்கத்து அடுப்புக்கு இடப்பக்கத்துத் திருகு; அதுவும் இரண்டும் சுவரோரம் ஒரே மூலையில். வகுப்பில் எதற்கும் ஓர் உதாரணம் வைத்திருப்பவன் நான். தவறு செய்த கையைப் பார்க்கும் முன், அந்தக் கைக்கு நாம் கொடுத்த பொருளைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அன்று நானே உதாரணமானேன்.

பிறகு கன்னியம்மாவைக் கேட்டாய்: "எப்டி இருந்தா உனக்குத் தோதும்மா?"

"அந்தந்த அடுப்புக்கு முன்னாலயே இருந்தா, பாக்காமலே அணைச்சுடுவேன் சார்."

அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லி, "சரிதானே?" என்று கேட்ட பிறகுதான் மெக்கானிக்கை அழைத்தாய். உன் அப்பா சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுக்கு, அந்தக் கேஜுக்கு, மணி அடித்தவர். கேட்டவன் அதே மணியைத் திருப்பி அடித்தால்தான் கேஜ் நகரும். நாலு பேர் சேர்ந்து செய்யும் எந்த வேலையும் அப்படித்தான் என்பாய்.

கமிட்டிக்காரர்களிடமிருந்து கடிதத்தை வாங்கிக் கிழித்துப் போட்டாய். அதில் யார் யார் கையெழுத்து இருந்தது என்பது கன்னியம்மாவுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். உன் சாவு வீட்டில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது மனம் தாங்காமல் சொல்லிவிட்டேன்.

"தெரியும் சார். அப்பவே அவரக் கேட்டேன், நீங்க ஏன் அப்டிப் பண்ணீங்கன்னு. 'அவன் ஒக்கார்ற எடத்துலேந்து அடுப்பு தெரியாதும்மா'ன்னாரு."

என் தவறுக்கும் நீ ஆளைப் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்திருக்கிறாய். அத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் என்னிடம் இதை நீ சொல்லவில்லை. உன் குரலில் கேட்டிராத அந்த ஒரு வரியைத்தான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.