உள்தாழ்ப்பாள் வைத்த எண்ணெய்க் கடை

அக்கா,

இன்று குற்றாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நனைந்த ஓலையின் வாசனை வந்தது. சீசன் கடைகளுக்குக் கூரை வேய்கிறார்கள். ஆண்கள் பேருக்கும் லாபத்துக்கும் கடை வைக்கிறார்கள், பெண்கள் குடும்பத்தைத் தாங்க வைக்கிறார்கள் என்று கூட வந்த என் ஆய்வு மாணவி சொன்னாள். உங்களை எதில் சேர்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

தென்காசியில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தீர்கள். கொழும்புக்குப் போன உங்கள் கணவரிடமிருந்து கடிதம் நின்று போயிருந்தது. வீட்டில் நீங்கள், மாமியார், கொழுந்தன். கொழுந்தன் அருவிக்கரையில் சாப்பாட்டுக் கிளப்புக் கடை நடத்தினார். காரணத்தை அவரே உரக்கச் சொல்வார்: "எதுத்த வீட்டுக்காரன் போர்டு மாட்டிட்டான். நான் மட்டும் கையக் கட்டிட்டு நிக்கதா?"

அடுத்த வருஷச் சாரல் சீசனுக்குப் பெண்கள் குளிக்கும் பக்கமாக நல்லெண்ணெயும் சீயக்காயும் விற்க நீங்களும் ஒரு கடை போட்டீர்கள். சீசன் முடியும்வரை கடைக்காரர்கள் கடையிலேயே படுப்பது அங்கே வழக்கம். மற்ற கடைகளுக்குச் சாக்குப் படுதாதான். உங்களுடையதற்குப் பலகைக் கதவு, உள்பக்கம் கனத்த தாழ்ப்பாள்.

"சீயக்காய அள்ளிட்டுப் போக எவன் வாரான் தாயி? உள்தாழ்ப்பாள் எதுக்கு?" என்று பக்கத்துக் கடை அண்ணாச்சி கேட்டார்.

"எலி வருதுல்லா அண்ணாச்சி."

"எலிக்குத் தாழ்ப்பாளா! நல்ல கூத்து."

ஏன் கடை வைத்தீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொழுது போகவில்லை என்றீர்கள். பட்டப்படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருந்த என்னிடம் மட்டும் ஒரு மத்தியானம் சொன்னீர்கள்: "ஏட்டி, அந்த வீட்டுல என் ரூமுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கேட்டதுக்கு, குடும்பத்துக்குள்ள யாருக்குப் பயந்துன்னுட்டாக அத்தை."



ஆவணியில் சாரல் காற்று ஓய்ந்தது. கடைகளை வரிசையாகப் பிரித்துக்கொண்டே வந்தார்கள். கொழுந்தன் மாட்டு வண்டியோடு வந்தார். குரல் இதமாக இருந்தது.

"மதினி, சீசன் முடிஞ்சிட்டு. ஏறுங்க, வீட்டுக்குப் போவோம்."

நீங்கள் திரும்பாமலே சொன்னீர்கள்: "கார்த்திகையில ஐயப்ப சாமிமாரு குளிக்க வருவாக. கடை இருக்கும்."

"சாமிமாருக்கு எண்ணெய் ஆகாதே தாயி!" என்று அண்ணாச்சி சிரித்தார்.

"கற்பூரமும் சந்தனமும் ஆகும்லா."

எல்லோரும் சிரித்தார்கள். கொழுந்தன் சிரிக்கவில்லை.

பிறகு வெறுமையான அந்த வரிசையில் உங்கள் கடை மட்டும் நின்றது. சாயங்காலங்களில் எதிர்ப்புறத்து மரத்தடியில் ஒரு பீடி கனலும். நான் துணைக்கு உட்கார்ந்திருந்தால் கொழுந்தன் அங்கிருந்தபடியே சொல்வார்: "படிச்ச பிள்ளை, இருட்டுமுன்ன வீட்டுக்குப் போ." நான் எழுந்து பத்தடி நடப்பதற்குள் பின்னால் உங்கள் தாழ்ப்பாளின் இரும்பு விழும் சத்தம் கேட்கும். அவர் மரத்தடியை விட்டு அசைந்திருக்க மாட்டார்.

கார்த்திகையில் சாமிமார்கள் வந்தார்கள். கற்பூரம் விற்றது. அடுத்த வருஷம் மற்றவர்களும் கடையைப் பிரிக்கவில்லை. "என்ன தொழில் மூளை பாத்தியளா, சாமிமாரு வருவாகன்னு முன்னாலயே கணக்குப் போட்டுட்டா!" என்று தென்காசியே பேசியது. நீங்கள் மறுக்கவில்லை.

போன மாதம் நீங்கள் இறந்தபோது கதவை உடைத்துத்தான் உள்ளே போனார்களாம். கொழுந்தன் செத்துப் பல வருஷங்கள் ஆகியிருந்தன.

தனியாகக் கடை வைத்த ஒருத்தியின் துணிச்சலை யாராவது இப்போது புகழும்போது நானும் தலையாட்டுகிறேன். ஆனால் என் கண் அவளை விட்டுவிட்டு, எதிரே சாலையில் எவன் நிற்கிறான் என்றுதான் தேடுகிறது.