கூரைக்கும் தரைக்கும் நடுவே

மார்ச் 3
வங்கி மதிப்பீட்டாளர் நாளை மறுநாள் வருகிறார். அவர் கண்ணுக்கு இந்த வீடு எப்படித் தெரியும்?

வாங்க நினைக்கும் ஹெர்மாவானுக்குத் துறைமுகத்தில் வேலை. வங்கி கடன் கொடுத்தால்தான் வாங்குவார். அவர் வாங்கினால்தான் நாங்கள் மேட்டுப் பக்கம் போக முடியும். என் கணவர் சுகெங்கின் கால் புண் ஆறவில்லை. உப்புத் தண்ணீரே படக்கூடாது என்கிறார் மருத்துவர். ஜாவாவில், செமாராங்கின் கடலோரத்தில் இருப்பவரிடம் சொல்கிறார்.

மார்ச் 4
மறுபடி கடல் வீட்டுக்குள் ஏறியது. சமையலறை, படுக்கையறை இரண்டும் ஈரம். துடைத்தேன்.

மார்ச் 5
வந்தவர் ரத்ரி என்ற இளம்பெண். விற்பதற்காகவே போன வருடம் முன்கூடத்தின் தரையை மண் கொட்டி உயர்த்தினோம். மற்ற ஊர்களில் வெள்ளையடிப்பார்கள், இங்கே இது. ஜன்னலின் கீழ் விளிம்பு இப்போது கணுக்கால் அருகே.

"மூணு தடவ ஒசத்தியாச்சும்மா. இந்தக் கூடத்துல சொட்டுத் தண்ணி வராது," என்றார் சுகெங். "ஹெர்மாவானும் குள்ளம். அவருக்கு இது அரண்மனை."

ரத்ரி சிரித்தாள். பிறகு அளந்துவிட்டு, பாக் என்று மரியாதையாகக் கூப்பிட்டாள்.

"பாக், கூரை ரொம்பக் கீழ இருக்கு. வங்கி இத அறைன்னே எடுத்துக்காது. பின்னாடி படுக்கையறை உயரம் சரியா இருக்கு."

"அப்ப அத எழுதிக்க."

"அங்க ஈரமா இருக்கே, பாக்."

நான் தேநீர் போடப் போனேன். யாரும் கேட்கவில்லை.

மார்ச் 13
கடன் இல்லை. ஹெர்மாவான் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். பாவம், அவர் என்ன செய்வார். ஆனால் கையில் பணம் வைத்திருப்பவன் இங்கே ஏன் வாங்கப்போகிறான்? — விடு. எத்தனை தடவைதான் இதையே யோசிப்பது.

மாலையில் சுகெங் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். மண்ணுக்குச் சொல்லியிருக்கிறாராம்.

"படுக்கையறையவும் ஒசத்திடலாம். கட்டிலாவது நனையாது."

"அப்புறம் அதுவும் அறையில்லன்னுருவாங்க, மாஸ்," என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை மாஸ் என்றுதான் கூப்பிடுகிறேன்.

"நாம அறைன்னு வச்சுக்குவோம்."

மார்ச் 14
காலையில் லாரி வந்தது. சந்துக்குள் நுழைய முடியாமல், தெருமுனைத் தண்ணீரிலேயே மண்ணைக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அலை மண்ணை ஓரத்திலிருந்து கரைத்துக்கொண்டிருந்தது. சுகெங் கட்டுப் போட்ட காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டு, கூடையோடு தண்ணீரில் இறங்கினார். வேண்டாம் என்றேன். காதில் வாங்கவில்லை. நான் இன்னொரு கூடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். மதியத்துக்குள் பையில் தண்ணீர் புகுந்துவிட்டது.