நாலு மீட்டர் கோடு

ஜூன் 9, திங்கள்
டீச்சரின் பேனா நூலில் கட்டியிருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். நோட்டோடு சேர்த்து, வெள்ளை நூல். எத்தனை பேர் வாங்கித் திருப்பித் தராமல் போனார்களோ.

பள்ளிக்கூடத்திலிருந்து தறிக்கூடத்துக்கே வந்திருந்தார். படிப்பை நிறுத்தியவர்களின் பட்டியலில் என் பெயர். ஒன்பதாவதோடு சரி.

"பத்தாவது தனியா எழுதறயா கண்ணு? சனிக்கிழமை கிளாஸ் நடக்குது." தறிச் சத்தத்தில் கத்திக் கேட்டார். நான் அறுந்த இழை ஒன்றை முடிந்தேன். "சரி, பின்னால என்ன ஆகோணும்?"

"ஒண்ணுமில்லீங்க."

படிவத்தில் அந்த ஒரு வரியைக் காலியாக விட்டு என்னிடம் கொடுத்தார். வெள்ளி மதியத்துக்குள் பள்ளிக்கூடத்தில் தர வேண்டும். விட்டால் அடுத்த வருஷம்.

மதியம் சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று ஞாபகம் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்
காற்று. மூக்கெல்லாம் பஞ்சு.

எனக்கு நாலு தறி, அம்மாவுக்கு நாலு. அம்மாவுக்குத் தோள்பட்டை வலி வந்தபோது ஒரு மாதத்துக்கு என்று வந்தேன். தோள் தேறி அம்மா திரும்பி வந்த பிறகும் என்னை யாரும் போகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு வருஷம். வருத்தம் என்று ஒன்றும் இல்லை. போன செவ்வாய் என்ன செய்தேன்? தெரியவில்லை. அதற்கு முந்தின செவ்வாய்? எதற்கும் காத்திருக்காவிட்டால் எல்லா நாளும் ஒரே நாள்தான் போல.

வாங்க வேண்டியது: தேங்காய் எண்ணெய், ஊக்கு, சோப்பு.

ஜூன் 11, புதன்
தப்பு செய்துவிட்டேன். குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நிற்கும். நீளவாக்கில் போகும் பாவு இழை அறுந்தால் நிற்காது. ஓடிக்கொண்டே இருக்கும், துணியில் நீளமாக ஒரு கோடு விழும். தறி ஓட்டுகிறவள்தான் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. நாலு மீட்டர்.

ஓனர் அண்ணன் துணியை வெளிச்சத்தில் பிடித்தார். "ஏனம்மணி, தூங்கிப்போட்டியா?"

"இல்லீங்கண்ணா."

"அப்பறம் என்ன நெனப்பு?"

பக்கத்துத் தறியிலிருந்து அம்மா: "அவளுக்கென்ன நெனப்புங்க. சோத்து நெனப்புக்கூட நாஞ் சொன்னாத்தான் வரும்."

அண்ணன் சிரித்துவிட்டுப் போனார்.

நினைப்பு இருந்தது. எட்டாவது படிக்கும்போது அவினாசி ரோட்டை அளக்க வந்தவர்களில் ஒரு பெண். மூன்று கால் வைத்த கருவியில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். கையை லேசாக இடது பக்கம் காட்டினாள். பெரிய பெரிய ஆட்கள் நகர்ந்தார்கள். கத்தவே இல்லை. டீச்சர் கேட்டதிலிருந்து அவள் ஞாபகம்.

இந்த இரண்டு வருஷத்தில் இதற்கு முன் நான் ஒரு இழைகூட விட்டதில்லை.

ஜூன் 12, வியாழன்
சோறு போடும்போது அம்மாவிடம் சொன்னேன். "சர்வேயர்."

"யாரு?"

"நான்."

அம்மா கரண்டியை வைத்தாள். "அளக்கறதுன்னா இங்கயே துணி அளக்கலாமில்ல." ரசச் சட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டு, "சனிக்கிழமையானா எட்டுத் தறிய ஒருத்தி பாக்க முடியுமா, இந்தத் தோள வெச்சுக்கிட்டு?"

எனக்கும் தெரியவில்லை. ரசத்தில் உப்பு அதிகம்.

ஜூன் 13, வெள்ளி
காற்று குறைவு. பதினொன்றரைக்கு அம்மா என் தறிப் பக்கம் வந்து நின்றாள். "போ. ஒரு மணிக்குள்ள வந்துரோணும். சனிக்கிழமைக்கு ஓனருகிட்ட நாங் கேட்டுக்கறேன்." முகத்தைப் பார்க்கவில்லை. கை இழை மேல்.

பள்ளிக்கூடம் வரை நடை. டீச்சர் நிமிர்ந்தார். "யாரு கண்ணு?" மறந்துவிட்டார். பெயரைச் சொன்னேன். காலி வரியைக் காட்டிப் பேனா கேட்டேன்.

நூல் படிவம் வரை எட்டவில்லை. நோட்டை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன்.