நூறு தோலும் பெரிய மேஸ்திரி வேலையும்

12 ஜனவரி 1931, திங்கள்
பெரிய மேஸ்திரி பொங்கலோடு விலகுகிறார். அறுநூறு பேர் வேலை செய்யும், தோல் பதனிடும் ஷாப்பு; அடுத்தவர் யார் என்பதே ஆம்பூரில் பேச்சு. ரத்தினசாமிதான் என்கிறார்கள் எல்லோரும். தோலைத் தரம் பிரிப்பதில் அவருக்கு இருபத்தாறு வருஷம். எனக்குப் பதினொன்று.

17, சனி
முதலாளி ஹயாத் பாஷா கூப்பிட்டனுப்பினார். "ஜெயகரா, இனிமே நீதான் பெரிய மேஸ்திரி." தொட்டியில் தோல் அலச வந்தவன் நான்! வீடு வரை தரையில் கால் பாவவில்லை.

20, செவ்வாய்
ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

22, வியாழன்
தோல் பதனிடப் பட்டை இடிக்கும் செண்பகம் சொன்னது காதில் விழுந்தது. "இன்னா பெரிய வித்தை? மொதலாளி பொண்ணுக்குப் பிரசவம் பாத்தது இவரு பொண்டாட்டி. அதுக்குக் கெடச்ச வேலை."
என் மனைவி ஜெயசீலி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தாயும் பிள்ளையும் பிழைத்தது அவளால்தான். வீட்டில் அவளிடம் கேட்டேன்.
"மொதலாளி அவராத்தான் இன்னாம்மா வேணும்னாரு. ஒண்ணும் வேணாம்னு வந்துட்டேங்க."
அப்போ என் கைத்திறமைக்காக இல்லையா? பதினோரு வருஷம் நா பார்த்தது இன்னா வேலை?

23, வெள்ளி
ஷாப்பு லீவு. நாளை முதலாளியிடமே போவதென்று முடிவு செய்தேன்.

24, சனி
முதலாளியிடம் போனேன். "நானும் ரத்தினசாமி அண்ணனும் ஒரே நூறு தோலைத் தரம் பிரிக்கறோம். யாரு பிரிச்சதுன்னு தெரியாம, தோல் வாங்கற மெட்ராஸ் ஏஜெண்டு பாக்கட்டும். தப்பு கம்மியா இருக்கறவருக்கு வேலை."
"நா குடுத்ததுக்குப் பரீட்சை வெக்கறியா?"
"எனக்குத்தாங்க வெக்கறேன்."
கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "சரி."

28, புதன்
எண் போட்ட நூறு ஆட்டுத்தோல். முதலில் ரத்தினசாமி அண்ணன் பிரித்தார்; தோல்களைக் கலைத்துவிட்டு நான். பேரைப் பின்பக்கம் எழுதிய இரண்டு பட்டியலையும் வைத்துக்கொண்டு ஏஜெண்ட் அப்துல் சமத் ஒவ்வொரு தோலாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஷாப்பே சுற்றி நின்றது.
ஒன்றில் மூன்று தப்பு. மற்றதில் பதினொன்று; அந்த எண்களை அவர் வாசித்ததுமே என்னுடையது என்று தெரிந்தது.
பட்டியலைத் திருப்பிக் காட்டும் முன்பே கை தூக்கினேன். "பதினொண்ணு என்னுது."
வலித்தது. ஆனால் தலை குனியவில்லை. அத்தனை பேரையும் நேராகப் பார்த்தேன். ரத்தினசாமி அண்ணன் என் தோளைப் பிடித்தார். "உன்ன மாதிரி பதினோரு வருசம் ஆனப்போ எனக்கு இருவது தப்பு வந்திருக்கும்பா."
வீட்டில் சொன்னேன். ஜெயசீலி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

9 பிப்ரவரி, திங்கள்
அண்ணன்தான் பெரிய மேஸ்திரி. தரம் பிரிக்கும் கொட்டகையை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்.
இன்று முதலாளியின் தங்கை மகன் நயீம் அகமது, கோட்டு போட்டுக்கொண்டு, கொட்டகையில் வேலைக்கு வந்தார். அண்ணன் அவரை என்னிடம் கூட்டி வந்தார். "இவரு இன்னா சொல்றாரோ அதான். மொதலாளிகிட்ட நா பேசிக்கறேன்."
நான் ஆரம்பித்த தொட்டியிலிருந்தே ஆரம்பிக்கச் சொன்னேன்.
மதியம் ஹயாத் பாஷா அந்தப் பக்கம் வந்தார். முழங்கால் தண்ணீரில் நின்று தோல் அலசும் தங்கை மகனைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, சரிதான் என்பதுபோல் தலையசைத்துவிட்டு நடந்தார்.